ஃபிரேமில் விட்டுப்போன கேள்வி

அன்புள்ள நைனா,

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம் கழித்து, உங்களோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

அக்கா வல்லத்திலிருந்து வந்துவிட்டாள். குழம்பு தீய்ந்துபோனதற்கு அவளைக் கட்டிய மாமா கரண்டியால் அடித்து, இடது கை வீங்கிக் கிடக்கிறது. முதல்முறை அவள் இப்படி வந்தபோது நீங்களே வல்லம் பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்களே, அன்றைக்கு அவள் கையைப் பார்த்தீர்களா? பார்த்துமா ஏற்றினீர்கள்?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி உட்கார்ந்தது. செஞ்சிக் கோட்டைப் பாறைச் சூடு ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. மாமா வெறுங்கையோடு வரவில்லை. அவர்கள் கல்யாணத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த ஃபிரேமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். உபதேசியாராக இருந்த காலமெல்லாம், சபையில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் சிவப்பு மையில் அந்த ஒரு வசனத்தைத்தானே எழுதிக் கொடுப்பீர்கள்? கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்கக் கூடாது என்று.

"எங்க மாமனார் கையெழுத்து. இதுக்கு மேல இன்னா பேச்சு? இன்னிக்கே அனுப்பி வைங்க" என்றார் மாமா. கமிட்டித் தலைவர் தலையாட்டினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

வேதத்தைத் திறந்து அந்த வசனத்துக்கு முந்தைய வரிகளைப் படித்தேன்.

"இயேசு இத சும்மா சொல்லல. எந்தக் காரணத்துக்கு வேணா பொண்டாட்டிய தள்ளி வுடலாமான்னு ஆம்பளைங்க வந்து கேட்டாங்க. அப்பல்லாம் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா போதும், அவ தெருவுல நிப்பா. சோத்த தீச்சாகூட தள்ளி வுடலாம்னு சொன்ன போதகருங்க இருந்தாங்க. அந்த ஆம்பளைங்க கையத்தான் அவரு புடிச்சி நிறுத்துனாரு. அத வச்சி அடி வாங்குறவள கட்டிப் போடுறீங்களே!"

தீய்ந்த சோறு என்றதும் மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப உங்க நைனா தப்பு பண்ணாருன்றியாம்மா?" என்றார் தலைவர்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். உங்கள் பேருக்கு அங்கே இன்னும் எவ்வளவு மரியாதை தெரியுமா?

"பதில மட்டும் எழுதிட்டு கேள்விய வுட்டுட்டாரு. அக்காவ திருப்பி அனுப்பனாரே, அது தப்புதான்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

பையைக் கீழே வைத்தது அக்காதான். "நான் போவல" என்றாள். அவ்வளவுதான். பாஸ்டர், "இங்கயே இருக்கட்டும்" என்று கமிட்டி நோட்டை மூடினார். மாமா ஃபிரேமை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அது இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பார்த்தால் உங்கள் ஞாபகம் வந்து தொலைக்கிறது. உங்கள்மேல் கோபமே இல்லை என்கிறாள் அக்கா. அவளுக்கும் சேர்த்து எனக்குத்தான் வருகிறது.

இந்த ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் உங்கள் ஃபிரேம் தொங்குகிறதோ அத்தனை வீட்டுக்கும் போவேன், நைனா. கண்ணாடியைக் கழற்றி, உங்கள் வரிக்கு மேலே அந்த ஆண்கள் கேட்ட கேள்வியை எழுதிவிட்டு வருவேன். உங்கள் சிவப்பு மைப் புட்டி என்னிடம்தான் இருக்கிறது. முதல் ஃபிரேமைக் கழற்றிவிட்டேன்.

சபை நடுவே உங்களைத் தப்பென்று சொன்ன,
உங்கள் கையெழுத்தையே கொண்டிருக்கும்
இளைய மகள்