இடம் மாறிய குமரி முனை

கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்
12.6.2000

அன்புள்ள ஸ்ரீகண்டனுக்கு,

க்ஷேமம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இன்று ஆபீஸில் பிஜு வந்து, "சேச்சி, ரிப்போர்ட்டில் பேரு கண்டேன், அபிநந்தனம்" என்று கையை நீட்டினான். எந்த ரிப்போர்ட் என்று கேட்டேன். வெட்கமாகப் போயிற்று. நான் ஒப்புக்கொள்ளாத ரிப்போர்ட்டில் என் கையெழுத்தையும் நீங்களே போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

மார்கழியிலேயே படம் போட்டுக் காட்டினேனே. செயற்கைக்கோள் வடக்கே போகும்போது எடுத்த படத்தில் குமரி முனை தெற்கே தள்ளிக் கடலுக்குள் நிற்கிறது. தெற்கே வரும்போது அதே முனை வடக்கே ஏறிவிடுகிறது. அதில் வைத்த, கடற்காற்றை அளக்கும் மைக்ரோவேவ் கருவி சாய்ந்து பார்க்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? நீங்கள் இரண்டு படத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தீர்கள். முனை ஜம்மென்று தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கருவியின் பார்வை துல்லியம் என்று எழுதிவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். கரையோரக் காற்றுக் கணக்கெல்லாம் இனித் தப்பாகத்தான் வரும்.

ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள்.

விஜி

*

பெங்களூர்
19.6.2000

பிரியமுள்ள விஜிக்கு,

கோபம் வேண்டாம். ரிப்போர்ட் தாமதமானால் என் பதவி உயர்வும் தள்ளிப்போகும். கையெழுத்தைப் புருஷன் போட்டால் என்ன, பெண்டாட்டி போட்டால் என்ன? சராசரியில் முனை சரியாகத்தானே இருக்கிறது? அம்மாவும் போனில், "அவ பேர்ல பாதி, உன் பேர்ல பாதி தப்புன்னு வெச்சுண்டு குடித்தனம் பண்ணுங்கோ" என்றாள்.

உன் இடமாற்ற விண்ணப்பத்தையும் நானே எழுதி உங்கள் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். சீக்கிரம் வந்துவிடு. ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உன்
ஸ்ரீ

*

திருவனந்தபுரம்
26.6.2000

ஸ்ரீகண்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் ஹோட்டல் சாப்பாடு இருக்கிறது, மன்னிப்பு இல்லை. தவறுகளைக் கூட்டிப் பாதியாக்கினால் தவறே இல்லாமல் போகும் என்று கருவிக்குச் செய்ததை நமக்கும் செய்யப் பார்க்கிறீர்கள். பொய்க் கையெழுத்தில் என் பாதி எது?

ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் பரிசீலனைக் குழுவுக்கு இரண்டு படத்தையும் தனித்தனியாக அனுப்பிவிட்டேன். கையெழுத்து என்னுடையதில்லை என்றும் எழுதினேன். உங்கள் பதவி உயர்வு என்னவாகும் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

இடமாற்ற விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இந்தத் தடவை என் கையெழுத்தை இன்னும் நன்றாகப் போட்டிருந்தீர்கள். நிர்வாக அலுவலர் முன்னாலேயே கிழித்துப் போட்டேன்.

இப்படிக்கு,
விஜயலக்ஷ்மி
(இது நானே போட்டது)