வந்தா பரவாயில்லை

என் செல்ல மகளுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லாதே என்று கண்ணால் ஜாடை காட்டுகிறார். இப்போது மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார். அவர் எழுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கால் பிழைத்துவிட்டது. அதை இன்னொரு முறை படித்துக்கொள், அப்புறம் அழு.

பேக்கரியில் சூடான தட்டு நழுவிக் காலில் விழுந்திருக்கிறது. சர்க்கரை வியாதியால் அவருக்குப் பாதம் மரத்துக் கிடப்பது உனக்குத் தெரியுமே. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போதுதான் பார்த்தார். மறுநாள் அதன்மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அடுப்படியில் போய் நின்றார். நான் கத்தினேன். உன் அப்பாவிடம் கத்துவதும் சுவரிடம் கத்துவதும் ஒன்றுதான்.

நம் தெருமுனை கிளினிக் நர்ஸ்தான் புண்ணைப் பார்த்துப் பயந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் கால் புண்ணுக்கென்றே செவ்வாய்க்கிழமைகளில் டாக்டர் வருகிறார், நம்மிடம் இருக்கும் அரசாங்கக் காப்பீட்டு அட்டையிலேயே எல்லாம் பார்ப்பார்கள், நடக்க முடியாதவர்களுக்கு வண்டிகூட அனுப்புவார்கள் என்று சொன்னாள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், இறங்கி மேடு ஏற வேண்டும். அந்தக் காலோடு அவரால் ஆகாது. அவளே வண்டிக்காகக் காப்பீட்டு அலுவலகத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிட்டாள். அங்கிருந்து போன் வந்தபோது நான் லாட்ஜில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பேசியாச்சு, வண்டி வரும் என்றார் அப்பா.

வண்டி வரவில்லை. செவ்வாய்தோறும் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். மத்தியானம் ஆனதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிடுவார். நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றால், பாவம், அவங்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும் என்பார். ஓசி வண்டின்னா இப்படித்தான் இருக்கும் என்று கீழ்வீட்டுத் தையற்காரர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம்மைப் போன்றவர்களுக்கு யார் வண்டி அனுப்பப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். ஒரு திங்கட்கிழமை புண்ணின் கட்டைப் பிரித்தபோது நாற்றம் அடித்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல், வரிந்துகட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போனேன். சண்டை போடத்தான் போனேன். போன் பேசுகிற பெண்ணைக் காட்டினார்கள். உன் வயதுதான் இருக்கும். நாளெல்லாம் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. ஐயா வண்டி வேண்டாம்னு சொல்லிட்டாரேம்மா, ரெண்டு வாட்டி கேட்டேன் என்றாள். பொய் சொல்லாதே என்று நான் குரலை உயர்த்தினேன். அவள் கோபப்படவில்லை. அங்கேயே நம் வீட்டுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

புண் எப்படி இருக்குங்க ஐயா என்று கேட்டாள். பரவாயில்லைம்மா என்றார். ஆஸ்பத்திரிக்கு வர வண்டி வேணுங்களா என்று கேட்டாள். முதலில் தொண்டைக்குள் ஏதோ ஒரு முனகல். அப்புறம் தெளிவாக, பரவாயில்லைம்மா.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த முனகல் என்னவென்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அந்த வாயோடு குடித்தனம் நடத்துகிறேனே. வந்தா பரவாயில்லைம்மா என்று சொல்கிறார் மனுஷன். யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் முதல் வார்த்தையை விழுங்கிவிடுவார், கூச்சம். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்றாலும், இருந்தா பரவாயில்லை என்பதில் பாதிதான் வெளியே வரும். எனக்குப் பழக்கம், வைத்துவிடுவேன். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

நான் போனை வாங்கி, வண்டி வேணுமா வேண்டாமா, சத்தமா சொல்லுங்க என்றேன். அதான் சொன்னேனே, வந்தா பரவாயில்லைன்னு என்றார். அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டுவிட்டாள். திட்டுவதற்கு ஆள் தேடிப் போனவள், அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானமே வண்டி வந்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருக்காது என்றார் டாக்டர்.

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. மேலதிகாரியிடம் போராடி, வண்டி வேணுமா என்று கேட்பதையே நிறுத்த வைத்துவிட்டாள். இப்போது, வண்டி காலையில் வரட்டுமா, மத்தியானம் வரட்டுமா என்றுதான் எல்லோரிடமும் கேட்கிறார்களாம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழக் கூச்சப்படுகிற பிள்ளைகள் நம் தெருவில் மட்டும் எத்தனை பேர் என்று இப்போதுதான் தெரிகிறது. கீழ்வீட்டுத் தையற்காரர் அந்த வண்டியில் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். ஊசியில் நூல் கோக்க இனி என்னைக் கூப்பிட மாட்டார். சொந்தமாக வாங்கிய வண்டி மாதிரி பெருமை வேறு.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கட்டு மாற்றப் போனபோது, நான் படியேறி மூச்சு வாங்குவதை, அப்பாவைப் பார்க்க அங்கே வந்திருந்த அந்தப் பெண் கவனித்துவிட்டாள். உங்களுக்கு என்னம்மா என்றாள். எனக்கென்ன, பரவாயில்லை என்றேன். சிரித்துக்கொண்டே, வியாழக்கிழமை காலையிலா மத்தியானமா என்றாள். காலை என்று வாயில் வந்துவிட்டது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். இஸ்திரி ஆவியில் நிற்கிற உடம்பு, வேறொன்றும் இருக்காது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கண்ணே, ஒவ்வொரு முறையும் நான் வரட்டுமாம்மா என்று கேட்கிறாய். பரவாயில்லை, நீ உன் வேலையைப் பார் என்கிறேன். நீயும் நம்பிவிடுகிறாய். உன்மேல் தப்பில்லை. அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன, எனக்கும் அதே வாய்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களாகவே கிடைக்கட்டும்.

நீ வந்தா பரவாயில்லை. முதல் இரண்டு வார்த்தைகளையும் அழுத்தி எழுதியிருக்கிறேன், பார்.

உன் அம்மா