விருந்தாளி வராத சாயங்காலம்

அன்பு மகள் உவேராவுக்கு, நியான்சாவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அந்தப் பனி ஊரில் நீயும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும். விஷயத்தைச் சொல்லக் கை பரபரக்கிறது.

உன் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது உனக்குத் தெரியும். தினமும் நடக்காவிட்டால் காலே போய்விடும் என்று நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இந்த மனுஷன் அசைந்தால்தானே! "வேலையில்லாம மேலயும் கீழயும் நடந்தா, இந்தக் காஸ்பாரோட மாடு தொலைஞ்சுபோச்சான்னு ஊரே கேக்கும்" என்று நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். கெஞ்சினேன், கத்தினேன், அழக்கூடச் செய்தேன். பிறகுதான் மூளை வேலை செய்தது. வீட்டுக்கு வந்தவரைப் பாதி வழியாவது கொண்டுபோய் விடாமல் வாசலோடு அனுப்பினால் உன் அப்பாவுக்கு மானமே போய்விடுமே! அதனால் தினம் சாயங்காலம் ஓர் ஆளைத் தேநீருக்கு அழைத்தேன். முதல்நாள் வெதாஸ்த் வாத்தியார், அவரைத் தைலமரம் வரை விட்டுவிட்டு அப்பா மூச்சு வாங்கத் திரும்பினார். மறுநாள் கோயிலில் பாடும் டொமிட்டிலா, அவளுக்குத்தான் வாய் ஓயாதே, பேச்சு முடியாமல் குழாயடி வரை போய்விட்டார். அப்புறம் மேட்டுக்கு அப்பால் இருப்பவர்களாகவே பார்த்து அழைத்தேன். மூன்று வாரத்தில் சந்தை வரை! வீட்டில் பாலும் தேயிலையும் காலி, போகட்டும். திங்கட்கிழமை நர்ஸ் பார்த்துவிட்டு, சர்க்கரை இறங்கிவிட்டது, இனியும் விடாமல் நடக்கட்டும் என்றாள்.

நேற்று ஒருவரும் அகப்படவில்லை. ஒருநாள் விட்டால் மறுபடி நாற்காலிதான் என்ற பயத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அப்பா தொப்பியும் தடியுமாக நிற்கிறார். "எந்திரி, இன்னைக்கு உன்னைத்தான் கொண்டுபோய் விடணும்" என்கிறார். எங்கே என்றால், "உன் தம்பி வீடு வரைக்கும். ஆள் பிடிக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்கிறார். திருட்டு மனுஷன், எல்லாம் தெரிந்தேதான் நடந்திருக்கிறார்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேட்டில் மூச்சு வாங்கி நின்றது நான்தான். அவர் நாலடி திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், உச்சி வரை விடவில்லை.

கடவுள் உனக்கு ஆயுளும், உன் வீட்டில் குறையாத பாலும் தரட்டும். இனிமேல் ஐந்து மணிக்கு ஃபோன் செய்யாதே, நாங்கள் இருவரும் வீட்டில் இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
கால் வலியோடு உன் அம்மா,
ஸ்பெசியோஸ்