அம்மா இறங்க வேண்டிய நிறுத்தம்

பிப்ரவரி 9

இதை யாராவது எடுத்துவிட்டால், தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படியுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாகக் குடை மேடத்திடம்.

இன்று அவரிடம் பொய் சொல்லிவிட்டேன்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்த பிறகு முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் இந்தப் பராமரிப்பு இல்லம். அங்கிருந்து யாரை எப்போது, எங்கே அனுப்பலாம் என்று பார்ப்பது குடை மேடத்தின் வேலை. கூரைக்கு அடியிலும் கையில் குடையோடுதான் நடப்பார். பெயர் வைத்தது அம்மா.

சிகிச்சை முடிந்துவிட்டதாம், கட்டில் அடுத்தவருக்கு வேண்டுமாம். ஒன்று வீடு. இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் இருக்கும் நிரந்தர இல்லம். வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் இரவும் பகலும் ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும், அது சட்டம் என்றார். என்னைக் கணக்கில் சேர்க்க முடியாதாம். பகலில் அப்பா இருப்பார். ராத்திரி?

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "சித்தி இருக்காங்க. எங்க வீட்டுலதான் தூங்குறாங்க."

அப்பா தரையைப் பார்த்தார்.

சித்தி ஊரின் மறுகோடியில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். அப்பாவுக்கு பேக்கரியில் இரவு வேலை. ராத்திரியில் இந்த வீட்டில் நான் மட்டும்தான். இது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவளிடமும் சித்தி இருக்கிறாள் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 11

ஃபிரிட்ஜ் உறுமுகிறது. ஃபிரிட்ஜ்தான். எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 15

அம்மா பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். டவுன் பஸ். மாலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் என் அறைக் கதவைத் தட்டுவாள் — சின்னதாய் இரண்டு, அப்புறம் கொஞ்சம் விட்டு ஒன்று. ஹாரன் அடிக்கிற மாதிரி. "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டே என் கட்டிலில் பாதியைப் பிடித்துக்கொள்வாள். டீசல் வாடை. அப்போது மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

இன்று பஸ் நிறுத்தத்தில் சும்மா நின்றேன். வந்த பஸ் எதிலும் ஏறவில்லை. அந்த வாடைக்காக மட்டும் நின்றேன். பைத்தியமா நான்?

பிப்ரவரி 20

குடை மேடம் வீடு பார்க்க வந்தார். குளியலறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்தார். வாசற்படிக்குச் சாய்தளம் போட முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார். சித்தி தூங்குகிற இடம் எது என்றபோது காட்டினேன். நேற்றே தயார் செய்துவிட்டேன் — பாய், தலையணை, கொடியில் அவள் பழைய நைட்டி, குளியலறையில் அவளுக்கென்று ஒரு பல் பிரஷ்.

எல்லாவற்றையும் பார்த்தார். போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். ஏன்?

பிப்ரவரி 24

அம்மா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அனுப்புவதற்கு முன் நோயாளியைத் தனியாக உட்காரவைத்து, குடும்பத்தார் யாரும் இல்லாமல், போகச் சம்மதமா என்று கேட்க வேண்டுமாம். அதுவும் சட்டமாம். கேட்டபோது குடை மேடம் சித்தியின் புது பிரஷ்ஷைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கவரைக்கூடப் பிரிக்காமல் மாட்டியிருந்தேன். மடச்சி, மடச்சி. அம்மா சிரித்தாளாம். "என் தங்கச்சி பல்லு விளக்காம படுக்க மாட்டா. அப்ப அவ அங்க படுக்கல" என்றாளாம். அப்புறம், "என்னை வீட்டுக்கு அனுப்பாதீங்க" என்றாளாம்.

நான் எல்லாவற்றையும் தயார் செய்தேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். என்னை வேண்டாம் என்றுவிட்டாள்.

பிப்ரவரி 25

பார்க்கப் போகவில்லை. வயிற்று வலி என்றேன். பொய் இப்போதெல்லாம் சரளமாக வருகிறது.

மார்ச் 2

அப்பா இழுத்துக்கொண்டு போனார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு வாய் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் பேச்சு வருகிறது. ஒவ்வொரு வார்த்தையாக, இடம் பார்த்துத் திருப்பும் பஸ் மாதிரி.

"ஓடுற வண்டியில இருந்து நான் யாரையும் இறக்கினதில்லடி. நிறுத்தம் வரணும். வண்டி நிக்கணும். கால் தரையில பட்டுச்சான்னு கண்ணாடியில பாக்கணும். அப்புறம்தான் வண்டிய எடுப்பேன்."

"அப்ப நீ வரவே மாட்டியா?"

"ராத்திரி நீ தனியா முழிச்சுக் கிடக்க, அந்தக் கவலையோட நானும் கிடக்கணுமா? உனக்கு ஒரு ஆள் இருக்கட்டும். அப்புறம் வர்றேன்."

அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். நல்ல கையால் என் காதைப் பிடித்துத் திருகினாள். வலித்தது. விடாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

வெளியே வந்தபோது வராந்தாவில் குடை மேடம். பொய் சொன்னதற்கு என்னை என்ன செய்வீர்கள் என்று கேட்டே விட்டேன். "அதுக்கெல்லாம் பிடிச்சு உள்ள போட்டா, இந்த ஊர்ல பாதிக் குடும்பம் உள்ளதான் இருக்கும்" என்றார்.

மார்ச் 6

நோட்டீஸ் வந்துவிட்டது. அந்தத் தூரத்து ஊர். தேதி போட்டு.

இல்லத்தின் மேலாளர்தான் அனுப்பியிருக்கிறார். ஆனால் குடை மேடம் அப்பாவை உட்காரவைத்து விளக்கினார்: நோட்டீஸ் கொடுத்த உடனே அனுப்பிவிட முடியாது, அம்மா ஆட்சேபித்து மேல்முறையீடு செய்தால் விசாரணை முடியும்வரை கட்டிலை விட்டு அசைக்கக் கூடாது. அதைச் சொல்லிவிட வேண்டியது அவர் கடமையாம். அம்மா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருந்தது. அவளே பார்த்துச் சிரித்தாள்.

அந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று பள்ளி நூலகத்தில் தேடினேன். எங்கள் ஊரிலிருந்து என் உள்ளங்கை அகலம்.

மார்ச் 17

அம்மா ரயிலில் போவதாகக் கனவு. ரயிலை அவளேதான் ஓட்டுகிறாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

மார்ச் 28

விசாரணை. என்னை உள்ளே விடவில்லை. அப்பா வந்து சொன்னதை எழுதுகிறேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்தவர், அவசரமில்லை, மெதுவாகப் பேசுங்கள் என்றாராம். "அவசரமா பேச முடிஞ்சா நான் ஏங்க இங்க இருக்கேன்" என்றாளாம் அம்மா. மகளைப் பார்க்க முடியாத ஊரில் தன்னை இறக்கிவிட்டால், அது நடுரோட்டில் இறக்கிவிடுவதுதான் என்றாளாம். குடை மேடத்தையும் கேட்டிருக்கிறார்கள். வீட்டையும் பார்த்தேன், பெண்ணையும் பார்த்தேன், இரவுக்கு ஓர் ஆள் கிடைத்தால் அந்த வீடு போதும் என்றாராம்.

அப்போதுதான் அப்பா எழுந்தாராம். அப்பா! நாலு பேர் முன்னால் தண்ணீர் கேட்கவே தயங்குகிறவர். பகல் ஷிஃப்ட் கேட்டுப் பார்க்கிறேன், இத்தனை நாள் கேட்க வெட்கப்பட்டேன் என்றாராம்.

அதற்குப் பதில் தெரியும்வரை அம்மாவை எங்கேயும் அனுப்பக் கூடாது என்று முடிவு.

ஏப்ரல் 19

பேக்கரிக்காரர் சரி என்றுவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து அப்பாவுக்குப் பகல் வேலை. அந்த நேரத்துக்குச் சித்தி குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். "அந்த பிரஷ்ஷைப் பத்திரமா வை, எனக்கு வேணும்" என்று கேலி வேறு.

அம்மா கைத்தடியோடு நடந்து பழகுகிறாளாம். என் முன்னால் நடக்க மறுக்கிறாள். ஒத்திகையை யாரும் பார்க்கக் கூடாதாம்.

மே 5

வந்துவிட்டாள்.

குடை மேடம் வாசல்வரை வந்தார். சாய்தளம், கைப்பிடி, மணி எல்லாவற்றையும் பார்த்தார். படுக்கை முன்னறையில். எழ வேண்டுமென்றால் மணி அடிக்க வேண்டும், தனியாக எழக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். அப்படி ஆட்டினால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம்.

இப்போது வீடு முழுக்கச் சத்தம். முன்னறையில் அப்பாவின் குறட்டை. ஃபிரிட்ஜ் உறுமுகிறதா என்றே தெரியவில்லை. பயமில்லை, ஆனாலும் தூக்கம் வரவில்லை. நாளை காலையில் கண் விழிக்கும்போது அவள் அங்கே —

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாவின் குறட்டை நிற்கவில்லை. மணியும் அடிக்கவில்லை. சின்னதாய் இரண்டு. கொஞ்சம் விட்டு