எஸ்தர், உன் தங்கை எங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள்

என் எஸ்தருக்கு,

நீ போய் ஆறு கார்த்திகை ஆகிவிட்டது. மனசுக்குள் உன்னோடு பேசாத நாளில்லை. எழுத மட்டும் கை வரவில்லை. இப்போது எழுதக் காரணம், எங்கள் பள்ளி ஆண்டு மலர். நான் படித்த அதே திண்டிவனம் பள்ளியில் இப்போது நானும் ஒரு டீச்சர். உங்கள் விழுப்புரம் பள்ளியிலும் எங்கள் பள்ளியிலும் அன்றைக்கு மாணவிகளை மாற்றி அனுப்பினார்களே, ஒருத்தி வீட்டில் ஒருத்தி பத்து நாள் தங்கிப் படித்தோமே, அதை இந்த வருஷம் மறுபடி தொடங்குகிறார்கள். "அப்போ உங்களுக்குக் கிடைச்ச இனிய அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்றார் தலைமையாசிரியை. கட்டுரை எழுத உட்கார்ந்தால் உனக்குக் கடிதமாக வருகிறது. இதையே மலரில் போடச் சொல்லப்போகிறேன். போடுவார்களோ, மாட்டார்களோ.

முதலில் வந்தவள் நான்தான். புரட்டாசி மாதம், சண்டைக் காலம், ரயில் நிறையச் சிப்பாய்கள். விழுப்புரம் ஸ்டேஷனில் நீயும் உன் அம்மாவும் எனக்காக நின்றிருந்தீர்கள். உன் அப்பா எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளுகிறவர் என்றும், ரயில்வே லைன் வீடு ஒரே அறைதான் என்றும் அங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நாங்கள் சமணர்கள், கறி மீன் தொடமாட்டோம், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம் என்று யாரோ உன் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கென்று புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தார்கள்.

"வெங்காயம் சேத்துக்குவியா கண்ணு?" என்று உன் அம்மா கேட்டார்கள்.

"இல்லீங்கம்மா."

"அப்ப எங்களுக்கும் வேணாம். பத்து நாள் வெங்காயம் இல்லாட்டி என்னா ஆயிடும்."

உங்கள் வீடே என் ஒருத்திக்காக வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டது. உன் அப்பாவுக்கு மட்டும் ஷெட்டிலிருந்து வர இருட்டிவிடும். குட்டித் தங்கை ரூத்து கருவாடு கேட்டு அழுதாள். "அக்கா ஊருக்குப் போவட்டும், செஞ்சித் தர்றேன்" என்று உன் அம்மா அவளைத் தேற்றினார்கள். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். ஏழு வயசுக் குழந்தை எனக்காகப் பத்து நாள் விட்டுக்கொடுத்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் எனக்குச் சேரவேண்டியது போல வாங்கிக்கொண்டேன்.

நீ எங்கள் ஊருக்கு வந்தது கார்த்திகையில். அதற்கு முன்னாலேயே நான் வாய் ஓயாமல் உங்கள் வீட்டைப் பற்றிப் பேசியிருந்தேன். என் பேச்சிலிருந்தே என் அம்மா எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார்கள். "அவங்க அப்பாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்கள். கண்டமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சேரி என்றேன். அம்மா எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். என்னையும் குளிக்கச் சொன்னார்கள்.

உனக்குப் புழக்கடையில் மல்லாட்டை மூட்டை அடுக்குகிற கொட்டகையைப் பெருக்கி ஒரு பாய் போட்டார்கள். அப்பா வேர்க்கடலை வியாபாரி. எறும்பு மிதிபடுமோ என்று பார்த்து நடக்கிற மனுஷர். அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்குச் சோறு இலையில் வந்தது, எட்ட வைத்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் கீழே பார்த்தேன். அதற்குப் பிறகு நீ என்னை அப்படிப் பார்க்கவில்லை. எதையும் கேட்கவுமில்லை. ஏன் கேட்காமல் விட்டாய் எஸ்தர்? கேட்டிருந்தால் நான் அழுதாவது இருப்பேனே.

வந்த மறுநாளே உனக்கு இருமல். மூன்றாம் நாள் மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புழக்கடைக் கதவைத் தட்டினாய். நான்தான் திறந்தேன். பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"பத்மா, ஓடு ஒழுவுது. பாயெல்லாம் நனைஞ்சி போச்சி. ஒரு ஓரமா வந்து உக்காந்துக்கட்டுமா?"

"இரு, கேட்டுட்டு வர்றேன்" என்றேன்.

உள்ளே போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்கள். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான்டி. அதுக்குன்னு ஊட்டுக்குள்ள கூட்டியாந்து வெச்சிக்கினு, நாளைக்கு ஒறமொறைக்கு நான் என்னா பதில் சொல்றது?"

நான் திரும்பி வந்து உன்னிடம் முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயந்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். இரு என்று சொன்னேன், நீ இருந்தாய். எவ்வளவு நேரம் அந்தக் கதவோரம் நின்றாய்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

காலையில் நீ மூட்டைகளின்மேல் குந்தியிருந்தாய். கையைத் தொட்டேன், சுட்டது. "மூட்டை மேல கதகதன்னுதான் இருந்திச்சி" என்றாய். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனோம். அன்றைக்கு இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து கோலாட்டம். தலைமையாசிரியை உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பத்மாவதி, ஒங்க ஊட்ல இவளை நல்லாப் பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். "நல்லாப் பாத்துக்கிறோம் டீச்சர்" என்றேன். தயங்காமல் சொன்னேன். நீ பக்கத்தில்தான் நின்றாய், கோலைக் கையில் பிடித்துக்கொண்டு. ஆட்டம் பாதியில் நீ உட்கார்ந்துவிட்டாய். சாயங்கால வண்டியில் ஒரு டீச்சரோடு உன்னை ஊருக்கு அனுப்பினார்கள்.

நீ ஊருக்குப் போன எட்டாம் நாள் தகவல் வந்தது. காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டதாம்.

அடக்கத்துக்கு டீச்சர்கள் எங்களைக் கூட்டிப்போனார்கள். உன் அம்மா என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். "எம் பொண்ண கீழ வுடாம தாங்கினியாமே கண்ணு. ரெண்டு போர்வை குடுத்தாங்கம்மா, ஊட்டுக்குள்ள அவ பக்கத்திலயே படுக்க வெச்சிக்கினாம்மான்னு, பேச்சி நிக்கற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தா."

நீ அப்படிச் சொல்லியிருந்தாய். நான் தலையை ஆட்டினேன்.

இந்த ஆறு வருஷமும் அந்தத் தலையாட்டலில்தான் ஓடியது. எப்போது விழுப்புரம் வந்தாலும் உன் அம்மா என் கன்னத்தைத் தடவுகிறார்கள். தன் பிள்ளைக்குக் கடைசியில் ஒரு நல்ல வீடு கிடைத்தது என்கிற நினைப்பில்தான் அவர்கள் எழுந்து நடமாடுகிறார்கள். அதைப் பிடுங்க என்னால் முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். அந்தக் கை என் கன்னத்திலிருந்து போய்விடுமே என்ற பயம் மீதி.

சண்டை முடிந்தது எஸ்தர். வெள்ளைக்காரன் போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தோம். சட்டம் போட்டுக் கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். எங்கள் புழக்கடைக் கதவு மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இருக்கிறார்கள். போன வாரம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "கொட்டாய்க்கு ஓடு மாத்தியாச்சி இல்ல, அங்க தங்கட்டும்" என்றார்கள்.

யாரைப் பற்றிக் கேட்டேன் தெரியுமா? ரூத்து. பதிமூன்று வயசு, உங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். இந்த வருஷம் வருகிற பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. எந்த வீட்டில் தங்க வைக்கலாம் என்று கேட்டதற்கு உன் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார்கள்: "பத்மா ஊட்ல வுடுங்க. வேற எங்கியும் வாணாம்."

பட்டியலில் ரூத்தின் பெயருக்கு எதிரே என் பெயரைப் பார்த்தேன். வகுப்பை விட்டு வெளியே வந்து கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. மன்னிக்கிற வாயை மண் மூடிவிட்டது. உன் பொய்யைக் காப்பாற்றினால் உன் தங்கை அந்தக் கொட்டகைக்கு வருவாள். உடைத்தால் உன் அம்மாவுக்கு நீ இன்னொரு தடவை சாவாய். இரண்டில் எதைச் செய்தாலும் நான் கெட்டவள்தான். விடிவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக் காலை முதல் வண்டிக்கு விழுப்புரம் போகிறேன். இது அச்சில் வந்து, யாரோ படித்துக் காட்டி உன் அம்மா தெரிந்துகொள்ளும்படி விடமாட்டேன். எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு மழையில் உன்னை நிற்கவைத்துவிட்டு நான் உள்ளே போனதை என் வாயால் சொல்வேன். அவர்கள் அடித்தால் அடிக்கட்டும். போ என்றால் போகிறேன். ரூத்து எங்கள் வீட்டுக்கு வரமாட்டாள். இது சத்தியம்.

உனக்குத் தங்கையாக இருக்கத் தெரியாத,
பத்மாவதி