எல்சாவுக்குப் படித்துக் காட்டிய கடிதம்

1984 நவம்பர், வியாழன். நியூ ஜெர்சி.

பக்கத்து வீட்டு எல்சா இளமையில் பெர்லினில் கவிதை எழுதியவர். இப்போது எண்பது வயது, தனிமை. போன வாரம் விருந்தாளிகள் முன்னால் என் ஜெர்மன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார். எனக்கு அது ஆறவே இல்லை.

இன்று காபி ஊற்றியபடி கேட்டார்: "உன் ஆராய்ச்சிக்காக அந்தப் பத்திரிகை ஆசிரியரின் கடிதங்களைப் படிக்கிறாயே, என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா?"

அவருடைய கவிதைகளை முதலில் வெளியிட்டவர் அந்த ஆசிரியர்தான். இன்றுவரை எல்சா அவரைக் கடவுள் மாதிரி நினைத்துப் பேசுவார்.

பையிலிருந்து அவருடைய ஒரு கடிதத்தின் நகலை எடுத்து ஜெர்மனிலேயே நிதானமாகப் படித்தேன். "எல்சா எழுதுவது குப்பை. அவள் அப்பா காகிதம் இலவசமாகத் தருவதால் அச்சிடுகிறேன்."

"இன்னொரு தடவை படி," என்றார். படித்தேன். அவர் கோப்பையைத் தள்ளி வைத்ததில் காபி மேசையில் சிந்தியது. நான் துடைக்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் என் கணவர் திட்டினார். "ஒண்ணும் கிடைக்கல ஆன்ட்டின்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே? இந்த வயசுல அவங்களுக்கு இது தேவையா?"

கணவரிடமும் நான் சொல்லாதது ஒன்று உண்டு. பிறகு எழுதிய கடிதத்தில் அதே ஆசிரியர், எல்சாவின் ஒரு கவிதையைப் படித்து அழுததாகச் சொல்லியிருக்கிறார். அதன் நகலும் என் பையில்தான் இருந்தது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.