எல்லைக்கல்லருகே முள்முருங்கை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. வண்டூரில் படகு ஓடவில்லை. இவர் வீட்டில். மகள் மீனாவுக்கு நெஞ்சுச் சளி. முள்முருங்கை இலை பறித்து, அரிசியோடு அரைத்து அடை. இரண்டு தின்றாள். என் கையெல்லாம் கீறல்.

பக்கத்து ரிசார்ட் மேனேஜர் குடையோடு வந்தார். மரம் அவர்கள் பாதைப் பக்கம் சாய்கிறதாம், கெஸ்ட்டுக்கு முள் குத்துமாம். "பூரா பேட் காட் தோ, பாபி." முழு மரத்தையும் வெட்டிவிடுங்கள் அண்ணி என்கிறார்.

எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கிற மரம். யாரும் நட்டதில்லை, இந்தக் கரையில் தானாக முளைத்தது. சாய்ந்த கிளையைக் கழித்துத் தருகிறேன், மரத்தைத் தொடக்கூடாது என்றேன்.

இவர் மெல்ல உள்ளே போய்விட்டார். ஓட்டுவது ரிசார்ட் படகு. பிறகு அடுப்படியில் வந்து, "சீசனுக்குக் கூப்பிடலன்னா என்ன பண்றது?" ஆனாலும் வெட்ட விடமாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

வெயில். நானே ஏறிக் கிளைகளைக் கழித்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பால் பவுடர், சோப்பு தீர்ந்தது.

ஜூன் 7, சனி

மீனாவோடு போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி. கராச்சர்மா வரை பஸ்ஸில் நின்றபடி. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நிம்மதி.

திரும்பினால் மரம் தரையில். அதில் ஏற்றியிருந்த மிளகுக் கொடி அறுந்து சேற்றில். இவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ரிசார்ட்டுலேர்ந்து மிஷின் ரம்பத்தோட நாலு பேரு வந்தானுங்க. வேணாம்னுதான் சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

தலை குனிந்துகொண்டார். அழுதேன். பிறகு சோறு வடித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

தூறல். நல்லது. விடிந்ததும் அரிவாள் எடுத்தேன். கிளையை ஊன்றினால் பிழைக்கும் மரம். ஆள் உயரத் துண்டுகள், எல்லைக்கல்லிலிருந்து கடல் பக்கம் வரை ஒரே வரிசை. சத்தம் கேட்டு இவரும் கடப்பாரையோடு வந்தார். குழி தோண்டினார், நான் ஊன்றினேன். இருவர் கையிலும் ரத்தம். ஒவ்வொன்றின் அடியிலும் மிளகுக் கொடித் துண்டு நட்டோம்.

மத்தியானம் மேனேஜர். "யே க்யா லகாயா?" என்ன நட்டிருக்கிறாய் என்று கேட்டது இவரை. நான் நிமிர்வதற்குள் இவரே சொன்னார்:

"வேலி, சார். ஹமாரா ஜமீன் ஹை."

எங்கள் நிலம் என்றார், கடப்பாரையைக் கீழே வைக்காமல். மேனேஜர் போய்விட்டார்.

சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள். வேறு படகு பார்க்க வேண்டும். கடல் பக்கம் இன்னும் குழி பாக்கி.